ஒரே பிள்ளைக்கு இரண்டு காமாலைக் கிருமிகள்: குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ‘நெகட்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் பிள்ளையின் கண் மஞ்சளாகவே இருக்கிறதே?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் அதிகமாக வருகிறது. கையில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருக்கும். அதில் எச்.பி.எஸ்.ஏ.ஜி என்ற எழுத்துகளுக்கு எதிரே ‘நெகட்டிவ்’ என்று முத்திரை குத்தியிருக்கும். “மஞ்சக்காமாலை இல்லன்னு எழுதித் தந்துட்டாங்க” என்று தாய் சொல்வார். இடுப்பிலிருக்கும் பிள்ளையின் வெள்ளை விழியோ மஞ்சள் கிழங்கை உரசித் தடவியது போல இருக்கும். அந்தச் சீட்டு சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் அந்த ரத்தத்தில் தென்படவில்லை. ஹெபடைடிஸின் மற்ற வகைகளான ஏ, சி, ஈ வைரஸ்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. காமாலை என்பது நோயின் பெயரன்று. ரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி ஏறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிகிராமைத் தாண்டும்போது அது கண்ணில் தெரியத் தொடங்கும். ஏன் ஏறியது என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது. ஒரு பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால், காரணம் கிடைத்துவிட்டது என்று தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த பரிசோதனைக்குப் பணம் இல்லாத வீடுகளில் அது இன்னும் சீக்கிரமாக நிற்கிறது. அதே பிள்ளையின் உடலில் இரண்டாவது வைரஸ் ஒன்று இருந்தால், அது யார் கண்ணிலும் படாமலே தங்கிவிடும்.

இரட்டைத் தொற்று என்று எதைச் சொல்கிறார்கள்?

கல்லீரலைத் தாக்கும் ஐந்து வைரஸ்களில் இரண்டோ அதற்கு மேலோ ஒரே காலத்தில் ஒருவரின் உடலில் இருப்பதை இரட்டைத் தொற்று என்கிறோம். ஏ, ஈ ஆகிய இரண்டும் மலம் கலந்த நீர், உணவு வழியாக வருபவை; பி, சி, டி ஆகிய மூன்றும் ரத்தம், உடல்நீர் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் வருபவை. பிள்ளைகளிடம் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சேர்க்கைகள் இரண்டு. ஏயும் ஈயும் ஒரே அழுக்குத் தண்ணீரில் வந்து ஒன்றாகத் தொற்றுவது முதலாவது. பிறப்பிலிருந்தே அறிகுறி எதுவும் காட்டாமல் பி வைரஸ் உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஆறு அல்லது ஏழு வயதில் ஏ வைரஸ் மேலும் வந்து சேர்வது இரண்டாவது. டி வைரஸ் பி இல்லாமல் வாழ முடியாத ஒட்டுண்ணி. பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் அது பெருகும். ஆகவே பியைத் தடுத்துவிட்டால் டியும் தடுக்கப்பட்டுவிடும்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் இது அதிகமாக வருகிறது?

வறுமை கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் இரண்டு வழிகளையும் ஒரே வீட்டின் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரையுள்ள நம் கடலோரக் கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மணல் தரை, கழிவறைக் குழியை எங்கே தோண்டினாலும் பத்தடி தள்ளி யாராவது ஒருவரின் கிணறோ அடிபம்போ இருக்கும். மணலில் நீர் எளிதாக ஊறி இறங்கும், அதோடு குழியில் உள்ளதும் இறங்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை, மூன்று சென்ட் மனையில் அந்த 50 அடிக்கு எங்கே போவது? மேற்கே திருவட்டாறு, விளவங்கோடு பக்கம் மேட்டில் வீடும் பள்ளத்தில் கிணறுமாக இருக்கும். மழை பெய்தால் மேட்டில் உள்ளதெல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும். தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளைப் போலன்றி நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. அதற்காக நாம் பெருமைப்படுகிறோம், ஆனால் கிணற்று நீர் கலங்கும் காலமும் நமக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது.

இது தண்ணீரின் வழி. ரத்தத்தின் வழியும் அதே வீட்டில் திறந்திருக்கலாம். ஊர் மாறி ஊர் வேலைக்குப் போகும் குடும்பத்தில் தடுப்பூசி தவறியிருக்கும். ஆரல்வாய்மொழி பக்கம் செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு, பிறந்த ஊரில் என்ன ஊசி போட்டார்கள் என்பதற்குச் சான்றே இருக்காது. காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி, வீட்டில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரே சவரப் பிளேடு ஆகியவையும் இந்த வழியில் சேரும். பி வைரஸ் உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு கிருமி இருந்தால் நோயும் இரண்டு மடங்கு ஆகுமா?

அப்படிக் கணக்கிட முடியாது. நல்ல உடல்நிலையில் உள்ள பிள்ளைக்கு ஏயும் ஈயும் சேர்ந்து வந்தாலும், பெரும்பாலும் ஒன்று வந்தது போலவே சில வாரங்களில் குணமாகிவிடும். ஆனால் கல்லீரல் திடீரென்று செயலிழந்து மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளிடையே ஏ–ஈ இரட்டைத் தொற்று இந்திய மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருப்பதால், இதை அலட்சியப்படுத்த முடியாது. ஏற்கெனவே நாட்பட்ட பி தொற்றோ வேறு கல்லீரல் நோயோ உள்ள பிள்ளைக்கு ஏ அல்லது ஈ வந்து சேர்வதுதான் உண்மையில் அஞ்ச வேண்டிய நிலை. கல்லீரலிடம் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். சேமிப்பு குறைந்த கல்லீரல் சிறிய அடியையும் தாங்காது.

இளையவனுக்கு ஒன்றுமில்லை, மூத்தவளுக்குத்தான் காமாலை. அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

இளையவனிடமிருந்தே வந்திருக்கலாம். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு ஏ வைரஸ் தொற்றினாலும் வெளியே எதுவும் தெரியாது. லேசான காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போய்விடும். ஆனால் அவர்களின் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றுவதற்கு 15 முதல் 50 நாட்கள், சராசரியாக 28 நாட்கள் ஆகும் என்பதால், போன வாரம் எங்கே சாப்பிட்டோம் என்று யோசிப்பதில் பயனில்லை. போன மாதத்தை நினைவுகூர வேண்டும்.

எந்தெந்தப் பரிசோதனைகளைக் கேட்க வேண்டும்?

காமாலை கண்ட பிள்ளைக்கு பிலிருபின், கல்லீரல் செல்களின் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி ஆகியவற்றோடு, ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவும் பார்க்கப்பட வேண்டும். கிருமியை அறிய ஏ வைரஸுக்கும் ஈ வைரஸுக்கும் எதிராக, புதிதாகத் தொற்றும்போது உடலில் உருவாகும் ஐ.ஜி.எம் எதிர்ப்பொருள், பி வைரஸுக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி, சி வைரஸுக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை ஆகியவை உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏ பாசிட்டிவ் என்று வந்த பிறகும் எச்.பி.எஸ்.ஏ.ஜி பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்பது உங்கள் உரிமை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பி, சி ஆகியவற்றுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்போது இதைக் கேட்டுப் பெறுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏ வைரஸுக்கான ஐ.ஜி.எம் நோய் தீர்ந்த பின்பும் சில மாதங்கள் ரத்தத்தில் நீடிக்கக்கூடும். சில வேளைகளில் ஒரு வைரஸுக்கான எதிர்ப்பொருள் இன்னொரு பரிசோதனையிலும் போலியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு வைரஸ்களுக்கும் பாசிட்டிவ் என்று வந்த எல்லாச் சீட்டுகளும் இரட்டைத் தொற்றைக் குறிப்பதில்லை. அதேபோல, எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் என்றால் இப்போதைய காமாலைக்கு பிதான் காரணம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. பி பழையதாகவும் காமாலை ஏ வைரஸால் வந்ததாகவும் இருக்கலாம். புதியதா பழையதா என்பதை அறிய பி வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.எம் பரிசோதனை உதவும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் காலம்தான் தீர்த்துவைக்கும்.

தாய்க்கு பி இருந்தால் குழந்தைக்கும் வருமா?

தடுக்காவிட்டால் வரும் வாய்ப்பு மிகுதி. பிரசவத்தின்போது தொற்றிய குழந்தைகளில் 90 விழுக்காட்டினருக்கு அது வாழ்நாள் தொற்றாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்த பிறகு தொற்றியவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களுக்கே அப்படித் தங்குகிறது. வயது குறையக் குறைய ஆபத்து கூடுகிறது என்பதால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போட வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். தாய்க்கு பி இருப்பது தெரிந்திருந்தால், தடுப்பூசியோடு, ஆயத்தமான எதிர்ப்பொருளைத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் 12 மணி நேரத்துக்குள் குழந்தையின் இன்னொரு தொடையில் போடுவார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு மிகுதியாக இருந்தால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவருக்கு மாத்திரையும் தரப்படும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தை தப்பித்ததா என்பதை 9 மாதம் நிறைந்த பிறகு ரத்தம் எடுத்து உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

தடுப்பூசி அட்டையில் பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி கட்டம் காலியாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

தாய் சேய் நல அட்டையின் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்தால், ‘பிறந்தவுடன்’ என்ற வரிசையில் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் இரண்டிலும் தேதி எழுதி, மூன்றாவது காலியாக விட்ட அட்டைகள் உண்டு. எடை குறைந்து பிறந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கும், வேறு மாநிலத்தில் பிறந்து இங்கே வந்த குழந்தைகளுக்கும் இப்படி நேர்கிறது. நம் மாவட்டத்தில் வீட்டுப் பிரசவம் அரிது என்பதால், ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு எல்லாம் போட்டிருப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பிறந்த இடம் தடுப்பூசிக்குச் சான்று ஆகாது.

6, 10, 14 வாரங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசியிலும் பி தடுப்பு மருந்து அடங்கியிருக்கிறது. அந்த ஊசி இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் அறிமுகமானது. இந்த மூன்றும் முறையாகப் போடப்பட்டிருந்தால் பிள்ளைக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. பிறந்த அன்று போட வேண்டியது தவறியது மட்டுமே இடைவெளி. அந்த இடைவெளியில் தாயிடமிருந்து தொற்றியிருக்குமா என்பதை அறிய, தாயின் ரத்தத்தை இப்போது பரிசோதித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அட்டையே தொலைந்துவிட்டது என்றால் வெட்கப்படாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். தவறிய ஊசிகளைப் பிறகும் போட்டுக்கொள்ளலாம்.

ஏ, ஈ வைரஸ்களுக்குத் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்குமா?

ஏ வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு, ஒரு வயது நிறைந்த பிறகு போடலாம். ஆனால் தேசிய தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறவில்லை என்பதால் தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வகை ஒரு தவணை. செயலிழக்கச் செய்யப்பட்ட வகை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கும் வசதி இல்லையென்றால், வீட்டில் பி தொற்றோ வேறு கல்லீரல் நோயோ உள்ள பிள்ளைக்கு முதலில் போடுங்கள் என்பதே என் கருத்து. ஈ வைரஸுக்கான தடுப்பூசி சீனாவில் 2011 இல் உரிமம் பெற்றது; இங்கே பிள்ளைகளுக்குப் போடப்படுவதில்லை.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

நம் ஊரில் இதைக் கேட்காத பாட்டி இல்லை. கேலி செய்து ஒதுக்கும் விஷயமும் அன்று. சென்னையில் தியாகராஜன் என்ற ஆய்வாளரும், பி வைரஸைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளம்பர்க்கும் சேர்ந்த குழு, கீழாநெல்லியைப் பி தொற்றுள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1988 இல் முடிவுகளை வெளியிட்டது. கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து பி வைரஸின் அடையாளம் மறைந்ததாக அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அன்றியும் அந்த ஆய்வு நாட்பட்ட பி தொற்றைப் பற்றியது. நம் வீடுகளில் கீழாநெல்லி அரைக்கப்படுவதோ கண் மஞ்சளித்த பிள்ளைக்கு, அதாவது பெரும்பாலும் ஏ வைரஸுக்கு. அந்தக் காமாலை தானாகவே தீரக்கூடியது என்பதால், எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்கே பெயர் கிடைக்கிறது.

என் கவலை செடியைப் பற்றியதன்று, நாட்களைப் பற்றியது. வைத்தியர் ஏழு நாள் மருந்து தருகிறார், உப்பில்லாப் பத்தியம் சொல்கிறார், பிள்ளை சோர்ந்து படுக்கிறது, அது பத்தியத்தின் சோர்வு என்று வீடு நம்புகிறது. கல்லீரல் செயலிழப்பின் முதல் அடையாளமும் அதே சோர்வுதான். கையில் சூடு போடுவதும் கண்ணில் சாறு விடுவதும் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குப் புண்ணும் கண்வலியும் மிஞ்சுமே தவிர, கல்லீரலுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா?

பாராசிட்டமால் அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும். குழந்தைகளுக்கான சிரப் புட்டிகளில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பழைய புட்டி தீர்ந்து புதியது வாங்கும்போது, அதே மூடி அளவைக் கொடுத்து இரட்டிப்பு மருந்தை ஊற்றிவிடுவது எளிதில் நடக்கக்கூடிய பிழை. காமாலை உள்ள பிள்ளைக்கு மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவைத் தவிர எதையும் கொடுக்காதீர்கள்.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

பிள்ளை கேட்பதைக் கொடுங்கள். கஞ்சியும் பயறும், மீன் குழம்பும் சோறும், மரச்சீனிக் கிழங்கும் எல்லாம் ஆகும். உப்பை நிறுத்தத் தேவையில்லை. எண்ணெயை அடியோடு விலக்கவும் தேவையில்லை, குமட்டல் இருக்கும் நாட்களில் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். காலையில் பசி சற்று நன்றாக இருக்கும். அப்போது வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள்.

எந்த அறிகுறியைக் கண்டால் உடனே ஓட வேண்டும்?

பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, அம்மாவை அடையாளம் தெரியாதது போலப் பேசுவது, காரணமில்லாத எரிச்சல், நிற்காத வாந்தி, பல் துலக்கும்போதோ மூக்கிலோ ரத்தம், தோலில் நீலத் தடிப்பு, வயிறு வீங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 ஐ அழையுங்கள். மஞ்சள் குறைந்துகொண்டு வருகிறது, ஆனால் பிள்ளை மந்தமாகிறது என்றால் அது இன்னும் மோசமான அறிகுறி. ஐ.என்.ஆர் 2 ஐத் தொட்டுவிட்டால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் அதைத் தீவிரக் கல்லீரல் செயலிழப்பாகவே மருத்துவர்கள் கருதுவார்கள். மஞ்சளின் அடர்த்தியைவிட அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று நீரை என்ன செய்வது?

குடிப்பதைக் கொதிக்க வையுங்கள். நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் போட வேண்டும். இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம் தேவை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். திறந்து வைத்த பாக்கெட்டில் வீரியம் போய்விடும். வாசனை இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான். திருவிழாக் கடையில் சர்பத் குடிக்கும்போது தண்ணீரைப் பற்றிக் கேட்கிறோம், ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. குழாய் நீராக இருந்தாலும் நம்பிவிட முடியாது: 1955–56 இல் டெல்லியில் யமுனையின் கழிவு குடிநீர்த் திட்டத்துக்குள் புகுந்தபோது சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது, அது ஈ வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அண்மையில், 2024 இல், பக்கத்துக் கேரளத்தில் மலப்புரம், எர்ணாகுளம் மாவட்டங்களில் ஏ வைரஸ் பரவியது.

எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

ஏ வைரஸ் என்றால் மஞ்சள் தெரிந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, பிள்ளைக்குத் தெம்பு இருந்தால் அனுப்பலாம். பி தொற்றுள்ள பிள்ளையை அங்கன்வாடியிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் அது பரவாது.

அடிக்கடி ரத்தம் ஏற்றப்படும் பிள்ளைக்கு?

தலசீமியா என்னும் பரம்பரை ரத்தசோகை போன்ற நோயுள்ள பிள்ளைகளுக்கு பியோடு சியும் தவறாமல் பார்க்கப்பட வேண்டும். சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் மருந்து உண்டு. 3 வயதிலிருந்தே மாத்திரையால் பெரும்பாலும் 12 வாரங்களில் குணப்படுத்திவிடலாம். பி தொற்றும் சேர்ந்திருந்தால் சி மருந்தைத் தொடங்கும்போது பி கிளர்ந்தெழக்கூடும் என்பதால், இரண்டையும் தெரிந்துகொண்டுதான் தொடங்குவார்கள்.

மஞ்சள் போய்விட்டது. இனியும் ரத்தம் எடுக்க வேண்டுமா?

எச்.பி.எஸ்.ஏ.ஜி ஒருமுறை பாசிட்டிவ் வந்திருந்தால், எடுக்கத்தான் வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அது பாசிட்டிவாகவே இருந்தால் நாட்பட்ட தொற்று என்று பொருள். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதித்துத் தடுப்பூசி போட வேண்டும். பிள்ளை ஓடி விளையாடும் நேரத்தில் ஆறு மாதக் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன், அந்த நாலாக மடித்த சீட்டின் பின்புறத்தில் அடுத்த பரிசோதனைக்கான தேதியைச் செவிலியரையே எழுதித் தரச் சொல்லி, அதைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.